பாட்டனாரின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

(இராமநாதபுரம் மாவட்ட இளைஞர் முகாமில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)

  

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் வாப்பாவின் பெயர் தெரியும். அவருடைய வாப்பாவின் பெயரும் தெரியும். அவருக்கும் முந்தியவர் யார்? எந்த ஊர் மையவாடியில் அடக்கமாகியிருக்கிறார்? அவரைப் பெற்ற உம்மாவின் பெயர் என்ன? முகாமில் இதைக் கேட்டபோது முதல் கேள்விக்குக் கை தூக்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிட முடிந்தது. கடைசிக் கேள்விக்கு ஒரு கைகூட உயரவில்லை. ஐந்து வருடத்துக் கொள்முதல் கணக்கை மனப்பாடமாகச் சொல்லும் வியாபாரிகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார்கள். பாட்டனாரின் தாயார் பெயர் மட்டும் தெரியாது!

"பழைய பெருமை பேசி என்ன ஆகப்போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். பெருமை பேச நான் வரவில்லை. குலப்பெருமை அறியாமைக் காலத்துச் சரக்கு. கோத்திரங்களாகப் பிரிக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்று ஓதிக்கொடுக்கப்பட்டவர்கள் நாம். ஆனால் அறிவது வேறு, பெருமையடிப்பது வேறு. அறியாமல் விட்டதால் நாம் இன்று என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள்.

2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தம் தொடங்கியது. படிவத்தில் என்ன கேட்டார்கள்? 2002, 2005 பட்டியலில் உன் பெயர் எங்கே, இல்லையென்றால் உன் பெற்றோர் பெயர் எங்கே, எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்று கேட்டார்கள். வாப்பா சவூதியில், பிள்ளை சென்னையில், ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு பட்டியலில் 'சேகு', இன்னொன்றில் 'ஷேக்'. ஒன்றில் 'முகைதீன்', இன்னொன்றில் 'மொகிதீன்'. இருபது வருடத்துக்கு முந்திய ஒரு பெயரைத் தேடுவதற்கே நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

2007-ல் நமக்கு 3.5 சதவீதத் தனி இட ஒதுக்கீடு வந்தது. அந்தப் பட்டியலில் ஏழு பிரிவுகள்: அன்சார், தக்கனி, துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது. ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பைக்குள் அடக்கம். பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் வெறுமனே 'முஸ்லிம்' என்று எழுதிவிட்டு, பிறகு தாசில்தார் அலுவலகத்தில் "நீங்கள் எந்தப் பிரிவு?" என்று கேட்டால் வாப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

வக்ஃபு விஷயம் எல்லாவற்றையும் விடப் பெரியது. 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நீண்ட காலம் தொழுது வந்தோம், நீண்ட காலம் அடக்கம் செய்து வந்தோம் என்ற பயன்பாட்டை மட்டும் காட்டி இனிப் புதிதாக ஓர் இடத்தை வக்ஃபு என்று நிலைநாட்ட வழியில்லை. முன்பே பதிவானவை தப்பின. அவற்றிலும் தகராறு உள்ளவையும் அரசு நிலம் என்று சொல்லப்படுபவையும் சேராது. 2025 ஜூனில் 'உமீத்' என்ற இணைய வாசலைத் திறந்து, பதிவான வக்ஃபுகளின் விவரங்களை ஆறு மாதத்துக்குள் ஏற்றச் சொன்னார்கள். சட்டத்தின் நியாய அநியாயத்தை நம் தலைவர்கள் மன்றத்திலும் நீதிமன்றத்திலும் பேசுகிறார்கள், பேசட்டும். நான் கேட்பது வேறு. எழுதிவைத்தவர் யார், எந்த ஆண்டு, நான்கு எல்லை என்ன என்று கேட்டபோது எத்தனை ஊர் முத்தவல்லிகள் உடனே எடுத்துக் கொடுத்தார்கள்?

கடலில் விட்ட மூட்டைகள்

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். மேடையில் சொல்லவே நாக்கு எழவில்லை.

ஓதி முடித்து ஸனது வாங்கிய கையோடு, இருபத்திரண்டு வயதில் கடற்கரை ஊர் ஒன்றில் இமாமாகச் சேர்ந்தேன். பழைய பள்ளிவாசலை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்திருந்தார்கள். பரணைக் காலி செய்தபோது மூன்று சாக்கு நிறையப் பழைய காகிதங்கள் வந்தன. கரையான் தின்றது பாதி, நனைந்து ஒட்டிப்போனது பாதி. எல்லாம் அரபு எழுத்து. பெரியவர் ஒருவர், "ஆலிம்சா, கால் படக்கூடாது, கடல்ல விட்டுடுங்க" என்றார். அதுதானே நம் வழக்கம்? ஓதிய ஏடு பழுதானால் புதைப்போம், அல்லது கடலில் விடுவோம். வள்ளத்தில் ஏற்றி, கல்லைக் கட்டி, நானே என் கையால் இறக்கினேன்.

ஒரு சாக்கு வாய் பிரிந்து ஒரு தாள் மட்டும் மிதந்து வந்தது. எடுத்துப் பார்த்தேன். அரபு எழுத்துதான், ஆனால் அரபு மொழியில்லை. நம் தமிழ்! அரபுத்தமிழில் எழுதிய கணக்கு. பள்ளிவாசல் கடைகளுக்கு வாடகை கொடுத்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மதரஸாவில் அரபுத்தமிழ் கிதாபுகளை ஓதியவன் நான். ஒரு நிமிடம் சாக்கைத் திறந்து இரண்டு வரி வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். வாசிக்கவில்லை. மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு ஊரின் ஏடுகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன்.

சில வருடம் கழித்து, கடைவீதியில் பள்ளிவாசலுக்குச் சொந்தமான இடத்தை ஒரு குடும்பம் தங்களுடையது என்று கோரியது. ஜமீன் ஒழிந்து நிலக்கணக்கு எழுதிய காலத்தில் அவர்களுடைய பாட்டனார் முத்தவல்லியாக இருந்திருக்கிறார். பதிவேட்டில் பள்ளிவாசலின் பெயருக்குப் பதில் அவர் பெயர் ஏறியிருக்கிறது. "பழைய வாடகைக் கணக்கு இருந்தால் கொடுங்கள்" என்றார் வக்கீல். நான் வைத்திருந்த ஒற்றைத் தாளைக் கொடுத்தேன். ஆண்டும் இல்லை, கடையின் எல்லையும் இல்லை, இது நிற்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பல வருடம் அலைந்து, பாதி இடத்தை விட்டுக்கொடுத்து ஜமாஅத் சமரசமாகிப்போனது. அந்தக் குடும்பத்தார் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கையில் ஒரு காகிதம் இருந்தது. நம் காகிதத்தை நான்தான் மூழ்கடித்திருந்தேன்.

கோயில் சுவரில் பள்ளிவாசலின் ஆவணம்

நம் மாவட்டத்தின் வரலாற்றைத் தேடினால் எங்கெங்கோ கிடைக்கிறது. திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துச் சாலையில் எத்தனை முறை போயிருப்பீர்கள்? அந்தக் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளிவாசலுக்கு, 'பிழார்ப்பள்ளி' என்று பெயர் சொல்லி, மன்னர் நிலம் விட்ட செய்தி அதில் இருக்கிறது. அந்தப் பட்டினம் இன்றைய பெரியபட்டினம்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் பெரியபட்டினத்தில் ஆய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் அந்த ஓடுகளைக் காலால் தள்ளி விளையாடியிருப்பார்கள்!

யோசித்துப் பாருங்கள். பள்ளிவாசலுக்குக் கொடுத்த நிலத்தின் ஆவணத்தை எழுநூறு வருடத்துக்கு மேலாகப் பாதுகாத்து வைத்திருப்பது பெருமாள் கோயில் சுவர். நம் பரணில் இருந்தது நூறு வருடம்கூடத் தங்கவில்லை.

தொண்டிக்கு அருகே தீர்த்தாண்டதானத்தில் 1269-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஊர் வணிகர்கள் கூடி முடிவெடுத்த செய்தி. அந்தக் கூட்டத்தில் மணிக்கிராமத்தாரோடு அஞ்சுவண்ணத்தாரும் இருக்கிறார்கள். அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் கூட்டமைப்பு. அதில் முஸ்லிம்களும் இருந்தார்கள். வியாபாரிகளே, இதைக் கவனியுங்கள்! இந்தக் கடற்கரையில் நாம் வாடகைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் இல்லை. சபையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள்.

கீழக்கரையில் சீதக்காதி கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. தூணும் போதிகையும் நம் மண்ணின் கைவேலை. கிழவன் சேதுபதி காலத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'விஜய ரகுநாத' என்பது. ஒரு மரைக்காயர் பெயருக்கு முன்னால் சேதுபதிகளின் பட்டம்! ஏர்வாடி தர்காவுக்குச் சேதுபதிகள் கொடுத்த மானியங்களுக்குச் செப்பேடுகள் உண்டு. அவற்றையெல்லாம் தேடி அலைந்து அச்சில் ஏற்றியவர் நம் மாவட்டத்து ஆய்வாளர் எஸ்.எம்.கமால். 'முஸ்லீம்களும் தமிழகமும்' என்ற அவருடைய நூலை உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் அலமாரியில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கி வையுங்கள். தனி மனிதராக அவர் செய்த வேலையைச் செய்ய ஒரு ஜமாஅத்துக்கு முடியாதா?

அரபு நாட்டுப் பாட்டனார்

இப்போது சிலருக்குக் கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். நம்மில் யாராவது குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தால் முதல் வரியே யமனில் தொடங்குகிறது, அல்லது கெய்ரோவில். அங்கிருந்து ஒரு கப்பல் வருகிறது. அடுத்த வரியில் நம் தாத்தா வந்துவிடுகிறார். நடுவில் ஆயிரம் வருடம் காணோம்!

அரபிகள் வந்தது உண்மை. பாண்டியர்களுக்கு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதிவைத்திருக்கிறார். மார்க்கோ போலோவும் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதினார். வாய்வழிச் செய்தியை நான் தள்ளவில்லை. அது செய்தி என்று எழுதிக்கொள்ளுங்கள், சான்று என்று எழுதாதீர்கள். குதிரைக் கப்பலில் வந்தவர் குடும்பத்தையுமா ஏற்றி வந்தார்? இங்கே மணமுடித்தார். அந்தப் பெண் யார்? தமிழ்ப் பெண். அவளுடைய மாமன் மச்சான் எல்லாம் இந்த மண்ணில்தான் உழுதார்கள், மீன் பிடித்தார்கள், முத்துக் குளித்தார்கள். கப்பலே ஏறாமல், இந்த மண்ணிலேயே பிறந்து கலிமா சொன்னவர்களின் வழியில் வந்தவர்களும் நம்மில் ஏராளம். அதில் வெட்கம் என்ன? பிலால் (ரலி) அவர்களின் வம்சத்தை யாராவது கேட்டோமா? ஒரே பள்ளியில் தோளோடு தோள் ஒட்டித் தொழுதுவிட்டு, பெண் கேட்கப் போகும்போது மட்டும் "அவர்கள் என்ன, நாம் என்ன" என்று பேசுகிறவர்களுக்கு உதவத்தான் இந்தக் கற்பனை வம்சப் பட்டியல்கள் பயன்படுகின்றன. அப்படிப்பட்ட பட்டியல் எழுதுவதைவிட எழுதாமலே இருக்கலாம்.

பெண்கள் இல்லாத பட்டியலும் அப்படித்தான். கீழக்கரையில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அங்கே போய் வாழ்கிறார். காயல்பட்டினத்திலும் இதுதான் வழக்கம். அப்படியானால் ஒரு வீட்டின் வரலாறு எப்படிப் போகிறது? உம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு. ஆண் பெயர்களை மட்டும் எழுதினால் அந்தத் தெருவில் ஒரு வீட்டின் வரலாறும் பிடிபடாது. உம்மம்மாவிடம் போய் உட்காருங்கள். "இந்த வீடு உங்களுக்கு யார் கொடுத்தது? அவர்களுக்கு யார் கொடுத்தது?" என்று கேளுங்கள். நீங்கள் தேடுவது தானாக வரும். உள்நாட்டுப் பக்கம், அபிராமம், கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் நன்னியிடம் கேளுங்கள். நிலம் எப்போது வாங்கியது, எப்போது விற்றது, அத்தா எந்த வருடம் பயணம் போனார் என்று எல்லாம் அவர்கள் தலையில் இருக்கிறது. ஆனால் நாளைக்குக் கேட்கலாம் என்று இருக்காதீர்கள். என் நன்னியிடம் நான் அப்படித்தான் இருந்தேன்.

எங்கே தேடுவது?

முதலில் நிகாஹ் தப்தர். மணமகன், மணமகள், இருவரின் வாப்பா பெயர், வலி, சாட்சிகள், மஹர், தேதி என ஒரே பக்கத்தில் இரண்டு குடும்பத்தின் இரண்டு தலைமுறை இருக்கிறது. சாட்சிகளை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் மாமன், சிறிய வாப்பா என்று நெருங்கிய உறவாக இருப்பார்கள். மஹர் எவ்வளவு என்பதிலிருந்து அந்தக் காலத்துக் குடும்பத்தின் நிலையும் தெரியும். கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். தப்தரை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பள்ளிவாசலிலேயே, பொறுப்பாளர் முன்னிலையில் எடுங்கள். மூன்று பேரிடம் மூன்று பிரதி இருக்கட்டும். தலைக்கட்டு வரி நோட்டும் அப்படியே. ஒரு குடும்பம் எந்த வருடம் ஊரை விட்டுப் போனது, எந்த வருடம் திரும்பியது என்று வரி நோட்டு சொல்லும்.

அடுத்து மையவாடி. மீஸான் கல்லில் எழுத்து இருந்தால் சுரண்டாதீர்கள், சுண்ணாம்பு அடிக்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். ஆண்டு ஹிஜ்ரியில் இருக்கும். ஹிஜ்ரி 1300 என்றால் 1882-83. வாசிக்கத் தெரியாவிட்டால் உங்கள் ஊர் ஆலிமிடம் கொண்டு போங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத ஆலிமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குழி வெட்டுகிறவரிடமும் கேளுங்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்தது முத்தவல்லிக்குத் தெரியாது.

பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். ஒரே தெருவில் பத்து சாகுல் ஹமீது, பத்து செய்யது இபுறாகீம். பட்டப்பெயர்தான் பிரித்துக் காட்டும். பட்டப்பெயரைக் கூச்சப்படாமல் எழுதுங்கள், தொழில் பெயரையும் எழுதுங்கள். என்ன தொழில் செய்தால் என்ன, ஹலாலாகச் சம்பாதித்தார் அல்லவா?

நம் மாவட்டத்தின் பாதி வரலாறு கடலுக்கு அப்பால் இருக்கிறது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் உண்டு. 1960-களில் அங்கே கடைகள் தேசியமயமானபோது வெறுங்கையோடு கப்பலில் திரும்பியவர்கள் உண்டு. கொழும்பிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்தவர்களின் பேரர்கள் இன்று இந்த முகாமில் இருக்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்த வழியாகத்தான் கொழும்புப் பயணம் நடந்தது. பழைய கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு, கடைக் கடிதம், மணியார்டர் துண்டு எதையும் எறியாதீர்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அங்கே போன சிலருக்கு அங்கேயும் ஒரு குடும்பம் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் பெயரைப் பட்டியலில் விட்டுவிடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நிகாஹ் செய்து பெற்ற பிள்ளையை விடுவதற்கு நீங்கள் யார்? வாரிசுச் சட்டம் படித்தவர்கள் நாம். எழுதுங்கள்.

பத்திரங்களுக்கு வாருங்கள். பள்ளிவாசல், மதரஸா, மையவாடி, கடை ஒவ்வொன்றின் புல எண்ணையும் எழுதி, பட்டாவும் அ-பதிவேட்டு நகலும் வாங்குங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தாய்ப்பத்திரம் ஏதாவது வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். எழுதிக் கொடுத்தவரின் வாரிசுகளைத் தேட உங்கள் குடும்பப் பட்டியல்தான் வழிகாட்டும். வக்ஃபு வாரியத்தில் உங்கள் ஊர்ப் பதிவு எப்படி இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். பெயர் தவறாக இருந்தால் இப்போதே மனுக் கொடுங்கள்.

இவ்வளவையும் ஒருவர் செய்ய முடியாது. ஓர் ஊருக்கு மூன்று பேர் போதும். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், கடைக்கணக்கு எழுதிப் பழகிய வியாபாரி ஒருவர், அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர். அரபுத்தமிழ் கற்க ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு அசருக்குப் பின் ஒரு மணி நேரம் சொல்லித்தர நான் தயார். ஓதத் தெரிந்தவனுக்கு அது பெரிய பாரமில்லை. தமிழ் ஓசைகளுக்காகப் புள்ளியும் குறியும் சேர்த்த சில எழுத்துகள் கூடுதலாக உண்டு, அவ்வளவுதான். பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்: பரணைக் காலி செய்யும் முன் அவரைக் கூப்பிடுங்கள். அவர் வாசித்து முடிக்கும்வரை சாக்கைக் கட்டாதீர்கள்.

நான் எடுத்த அந்த ஒரு தாள் என்னிடம்தான் இருக்கிறது. அதில் பதினொரு பெயர்கள். நான்கு பேரின் பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர்களில் ஒருவர் இன்றும் அதே வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தன் பாட்டனார் அங்கே கடை வைத்திருந்தது அவருக்கே தெரியாது. மற்ற ஏழு பெயர்களையும் முகாமில் வாசித்தேன். கூட்டம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து, "ஹஜ்ரத், மூன்றாவது பெயரை இன்னொரு தடவை வாசியுங்கள்" என்றான். வாசித்தேன். உம்மாவிடம் கேட்டுவிட்டு ஜும்ஆவுக்குள் சொல்வதாகப் போயிருக்கிறான்.

வஸ்ஸலாம்.